பதில் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது

2021 நவம்பர். பூண்டியிலிருந்து திறந்துவிட்ட உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் கரைபுரண்டு வந்து, மணலி புதுநகர் தெருக்களில் புகுந்திருந்த நாட்கள். எங்கள் வீட்டுத் தரைத்தளத்திலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கரன்ட் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, போனில் மிச்சமிருந்த சார்ஜை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விச்சூர் பக்கத்து விவசாயி ஒருவர் கூப்பிட்டார்.

“சார், சம்பா நட்டு இருபத்தஞ்சு நாள்தான் ஆச்சு. மூணு நாளா முழுகிக் கெடந்துச்சு. இன்னிக்குத்தான் நுனி தெரியுது. நம்ம குரூப்புல கேட்டேன். நாப்பது பேரு பதில் போட்டுட்டாங்க சார். பாதிப் பேரு கைகூப்பி இருக்காங்க. மீதிப் பேரு ‘கடவுள் காப்பாத்துவாரு’ன்னு போட்டிருக்காங்க. வயலுக்கு நான் என்ன சார் போடுறது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. ஏனென்றால் அவர் கேட்ட கேள்விக்கு அதே வாட்ஸ்அப் குழுவில், 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த வாரத்தில், நானே விரிவாகப் பதில் எழுதியிருந்தேன். எழுதியது நன்றாக நினைவிருந்தது. எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். காலை வணக்கம், பொங்கல் வாழ்த்து, டிராக்டர் விற்பனைக்கு, மறுபடி காலை வணக்கம். 2019-ஐத் தாண்டுவதற்குள் சார்ஜ் போய்விட்டது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள், அப்பாவின் போனில் அந்தக் குழுவைத் திறந்து, ‘ஜிப்சம்’ என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டியிருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முந்தைய என் பதில் வந்து நின்றிருக்கிறது. ‘தண்ணீரை முழுவதும் வடித்து வேருக்குக் காற்றோட்டம் கொடுங்கள். பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள்.’ எல்லாம் அப்படியே இருந்தது. “நீங்க எழுதினதுதான் சார், சரியான்னு கேக்கத்தான் கூப்டேன்” என்றார்.

முப்பது வருடமாக விவசாயிகளுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறேன். நான் எழுதிய பதிலை எனக்கே தேடி எடுக்கத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த இதழுக்கு வரும் கேள்விக் கடிதங்களிலும் இதே கதைதான். போன பட்டத்தில் ஒருவர் கேட்டு, பதில் அச்சாகி, அடுத்த பட்டத்தில் பக்கத்து ஊர்க்காரர் அதையே கேட்கிறார். கேட்பது தப்பில்லை. ஆனால் பதில் அச்சாகி வருவதற்குள் புகையான் வயலை வட்ட வட்டமாகக் காய வைத்துவிடும்.

எந்தச் சொல்லைத் தட்டுவது?

வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, மேலே குழுவின் பெயரைத் தொட்டால் பூதக்கண்ணாடிப் படம் ஒன்று வரும். சில போன்களில் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் ‘தேடு’ என்று இருக்கும். அதில் சொல்லைத் தட்டினால், அந்தக் குழுவில் அந்தச் சொல் வந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களில் அதே இடத்தில் ஒரு நாட்காட்டிப் படமும் வந்திருக்கிறது. அதைத் தொட்டுத் தேதியைக் கொடுத்தால் நேராக அந்த நாளுக்குப் போய்விடலாம். எந்த மழையில், எந்தப் பட்டத்தில் பேசினோம் என்பது விவசாயிக்கு மறக்காது. சொல் நினைவில்லாவிட்டாலும் நாளை வைத்துப் பிடித்துவிடலாம்.

இந்த வசதியைப் பத்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்வார்கள். கஷ்டம் தமிழில் இருக்கிறது. நம் சொற்கள் வாலோடு வரும். ‘குலைநோய்க்கு’, ‘குலைநோயால்’, ‘குலைநோயைக்’ என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். முழுச் சொல்லையும் தட்டினால் ஒன்றுதான் கிடைக்கும். ‘குலை’ என்று தலையை மட்டும் தட்டுங்கள், எல்லாம் வரும். அதேபோல ஒருவர் ‘இலைச்சுருட்டுப் புழு’ என்று சேர்த்து எழுதுவார், இன்னொருவர் ‘இலை சுருட்டு புழு’ என்று பிரித்து எழுதுவார். முதல் இரண்டு மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

அடுத்தது எழுத்துப் பிழை. ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும், ந, ன, ண மூன்றும் அவசரத்தில் மாறும். ‘பூச்சிக்கொள்ளி’ என்று எழுதுகிறவர்களைத் திருத்தப் போனால் வேறு வேலை நடக்காது. கிடைக்கவில்லை என்றால் எழுத்தை மாற்றி ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களும் எல்லாக் குழுவிலும் உண்டு. அதற்கும் ஒருமுறை.

ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர் என்பது இன்னொரு சிக்கல். கதிரில் நெல்மணி மஞ்சள் உருண்டையாக மாறிப் பிறகு கரும்பச்சையாகும் நெற்பழ நோயை, விளைச்சல் நன்றாக இருக்கும் வருடத்தில் வருவதால், ‘லட்சுமி நோய்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘நெற்பழம்’ என்று தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பட்டத்தின் பெயரும் அப்படித்தான். டெல்டாக்காரர் ‘குறுவை’ என்பார், நம் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் ‘சொர்ணவாரி’ என்போம். மருந்தின் கம்பெனிப் பெயரைவிட அதன் வேதிப்பெயரைத் தட்டினால் கூடுதல் பேச்சு கிடைக்கும்.

பூச்சியே புதிது என்றால் பழைய பேச்சுக்கு எவ்வளவு பின்னால் போவது என்பதற்கும் எல்லை உண்டு. மக்காச்சோளத்தின் படைப்புழு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே 2018-இல், கர்நாடகத்தில். அதற்கு முந்தைய பேச்சில் ‘படைப்புழு’ என்று இருந்தால் அது வேறு புழு. தென்னையில் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்தது 2016-இல். முதல் ஒன்றிரண்டு வருடப் பேச்சைப் படித்தால் எல்லாரும் ‘எதை அடிக்கலாம்’ என்றே கேட்டிருப்பார்கள். பிறகுதான் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பாற்றினால் போதும், கடும் மருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும், ஓலையில் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளித்தால் காய்ந்து உதிரும் என்ற தெளிவு வந்தது. ஆகவே இந்த ஈயைப் பற்றிப் பழைய பேச்சு வேண்டாம், பிந்தையதை எடுங்கள்.

எவ்வளவு தேடினாலும் கிடைக்காதவையும் உண்டு. படத்துக்குள் இருக்கும் இலையையோ, குரல் பதிவுக்குள் இருக்கும் பேச்சையோ இந்தத் தேடலால் எடுக்க முடியாது. நம் குழுக்களில் பாதி அறிவு குரல் பதிவாகத்தான் கிடக்கிறது. ஓர் அனுபவசாலி நான்கு நிமிடம் அருமையாகப் பேசியிருப்பார், அடுத்த வாரம் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். குரல் பதிவோ படமோ போட்டால் கீழே ஒரு வரி தட்ட வேண்டும்: ‘கத்தரி, தண்டுத் துளைப்பான், மீஞ்சூர், தை’. தட்டத் தெரியாதவருக்கு வேறு யாராவது தட்டிக் கொடுப்பார்கள். விசைப்பலகையில் உள்ள மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலும் எழுத்தாக வந்துவிடும். வயதானவர்களுக்கு இதைக் காட்டிக்கொடுத்தபோது அவர்கள் முகத்தில் பார்த்த சந்தோஷம் தனி.

போனை மாற்றும்போது பழையதைக் காப்பு எடுத்து மாற்றாவிட்டால் எல்லாப் பேச்சும் போய்விடும். அந்தப் பெண் அப்பாவின் போனை மாற்றியபோது அதைச் செய்திருந்ததால்தான் 2015-ஆம் வருடப் பதில் அவர்கள் வீட்டில் பிழைத்திருந்தது. இன்னொன்று, குழுவில் ‘மறையும் செய்தி’ என்ற ஏற்பாட்டை யாராவது 7 நாளுக்கோ 90 நாளுக்கோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைத்திருந்தால் சம்பாவில் பேசியது நவரைக்கு இருக்காது. விவசாயக் குழுவுக்கு அந்த ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

கிடைத்த பதில் யாருடைய மண்ணுக்கு?

தேடக் கற்றுக்கொடுத்த பிறகு ஒரு சங்கடம் நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் நியாயமில்லை.

மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய கதை எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். 1960-களின் கடைசியிலேயே இது பதிவாகிவிட்டது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பயிருக்கும் எல்லாரும் உறிஞ்சியதில், கடற்கரையிலிருந்து உப்பு உள்ளே உள்ளே வந்தது. அங்கே ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ‘உப்பு மண்’ என்று குழுவில் தேடியிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முந்தைய பதில் ஒன்று கிடைத்தது: ‘ஏக்கருக்கு ஒரு டன் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்தேன், அடுத்த போகம் நெல் எழும்பிவிட்டது, திருச்சி-3 ரகம் போட்டேன்.’ படமும் இருந்தது. பச்சைப்பசேல் என்று வயல். பெரியவர் யாரிடமும் கேட்கவில்லை. ‘கேட்ட கேள்வியையே கேக்காதீங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க’ என்றார் பிறகு. வண்டி வாடகை கொடுத்து ஒன்றரை டன் ஜிப்சம் இறக்கிவிட்டார். நட்ட பயிர் நுனி கருகி, திட்டுத் திட்டாகப் போய்விட்டது.

அந்தப் பழைய பதில் பொய்யில்லை. எழுதியவர் திருச்சி மணிகண்டம் பக்கத்துக்காரர். அவருடையது களர் நிலம். பெரியவருடையது உவர் நிலம். பேச்சில் இரண்டையும் ‘உப்பு’ என்றுதான் சொல்கிறோம். வைத்தியம் வேறு வேறு.

களர் மண்ணில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும். நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் கல்லாக இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. அங்கே ஜிப்சத்தில் உள்ள கால்சியம் போய் சோடியத்தைத் தள்ளிவிடும். பிறகு நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் சோடியம் வெளியே போகும். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள வேளாண் கல்லூரி இந்த மண்ணுக்காகவே உழைத்த இடம். திருச்சி-1, திருச்சி-3 ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான்.

உவர் மண்ணில் கரையும் உப்புகள் நிறைந்திருக்கும். மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் இருக்கும், கார அமில நிலை பெரும்பாலும் 8.5-க்குக் கீழேதான். கோடையில் மேலே வெள்ளையாகப் பூக்கும். இங்கே தள்ளிவிட வேண்டிய சோடியம் ஒட்டிக்கொண்டு இல்லை, கழுவிவிட வேண்டிய உப்புதான் இருக்கிறது. ஜிப்சமும் ஓர் உப்புதான். வேண்டியது நல்ல தண்ணீர், வடிகால், உயர்ந்த வரப்பு. மழைநீரைத் தேக்கி நிறுத்தி, ஊறவைத்து, வடித்துவிட வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். நாற்றைக் கொஞ்சம் முதிரவிட்டு, குத்துக்குக் கூடுதல் நாற்று வைத்து நடலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருந்தால், அதையே பாய்ச்சிக் கழுவுகிறேன் என்று நினைப்பது வீண்.

பெரியவருக்கு மண் பரிசோதனையும் தண்ணீர்ப் பரிசோதனையும் எடுத்த பிறகுதான் இது தெரிந்தது. முதலிலேயே எடுத்திருந்தால் ஜிப்சம் பணம் மிஞ்சியிருக்கும். குற்றம் அவருடையது என்று நான் நினைக்கவில்லை. பழையதைத் தேடச் சொன்ன நான், கிடைத்ததை எப்படி எடைபோடுவது என்று சொல்லவில்லை.

இப்போது குழுவில் யார் பழைய பதிலை எடுத்துப் போட்டாலும் மூன்று விஷயம் கேட்கிறோம். எழுதியவர் எந்த ஊர், என்ன மண்? எந்த மாதம், எந்தப் பட்டம்? கடைசியில் விளைந்ததா? மூன்றாவதுதான் முக்கியம், அதற்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது. ‘இதை அடித்துப் பாருங்கள்’ என்று ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். ‘அடித்தேன், கேட்டது’ என்றோ ‘அடித்தேன், கேட்கவில்லை’ என்றோ திரும்பி வந்து எழுதியவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

மருந்து விஷயத்தில் தேதியைப் பார்க்காமல் எதையும் எடுக்கவே கூடாது. நெல்லுக்கும் வாழைக்கும் போரேட் குருணையைப் பரிந்துரைத்த காலம் உண்டு. நானே பரிந்துரைத்திருக்கிறேன். மத்திய அரசின் 2018 ஆணைப்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு போரேட், டைகுளோர்வாஸ், ட்ரையசோபாஸ், பாஸ்பாமிடான் ஆகியவற்றுக்கெல்லாம் தடை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்கக் கூடாது என்பது 2005-இலிருந்தே சட்டம். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் நிறுத்தியது. ஆனால் 2016-இல் எழுதப்பட்ட பதில் உங்கள் போனில் அப்படியே இருக்கும். அதற்குச் சட்டம் மாறியது தெரியாது. வீடியோவும் அப்படித்தான். பார்க்கத் தொடங்கும் முன் எத்தனை வருடத்துக்கு முன் போட்டது என்று கீழே பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் காலை 6 முதல் இரவு 10 மணிக்குள் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம். கட்டணம் இல்லை. 2004 ஜனவரியில் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் எண்ணை எழுதினேன்.

ரேடியோ முன் உட்கார்ந்தவர்கள்

கூடிப் பேசி விவசாயம் கற்றுக்கொள்வது வாட்ஸ்அப்போடு வந்ததில்லை. 1956-இல் பூனா வானொலி நிலையம் மராட்டிய கிராமங்கள் 150-இல் விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து ஒரு முயற்சி செய்தது. வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் நிகழ்ச்சி. கேட்டு முடித்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சில் எழுந்த கேள்விகளைக் குழுவின் அமைப்பாளர் நிலையத்துக்கு எழுதி அனுப்புவார், பின்னால் வரும் நிகழ்ச்சியில் பதில் வரும். கனடாவில் 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றத்தைப் பார்த்து வந்த யோசனை அது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. நம் பக்கத்தில் திருச்சி வானொலி 1960-களில் ஆடுதுறை-27 நெல்லைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னதில், தஞ்சாவூர்க்காரர்கள் அந்த ரகத்துக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ரேடியோவில் ஒரு குறை. ஒருமுறை ஒலித்தால் போய்விடும். திரும்பக் கேட்க வழியில்லை. 2009-இல் குஜராத்தில் ‘அவாஜ் ஒட்டலோ’ என்று ஒன்று நடத்திப் பார்த்தார்கள். குரல் திண்ணை என்று பொருள் சொல்லலாம். சாதாரண போனில் ஓர் எண்ணுக்குக் கூப்பிட்டு, கேள்வியைக் குரலில் பதிய வேண்டும். பதிலும் குரலில் வரும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. 51 விவசாயிகளோடு ஏழு மாதம் நடந்தது. அதில் மற்றெல்லாப் பகுதிகளையும்விட அதிகம் பயன்பட்டது பொதுக் கேள்வி-பதில் பகுதிதான். தாங்கள் கேட்பதோடு நிற்காமல், மற்றவர் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் உட்கார்ந்து கேட்டார்கள். இந்தத் தகவலைப் படித்தபோது, பத்திரிகை வந்ததும் முதலில் கேள்வி-பதில் பக்கத்தைத் திருப்பும் என் அப்பா நினைவுக்கு வந்தார். அவருக்கு இருந்தது முக்கால் ஏக்கர், வாழை கிடையாது. ஆனால் வாழைக் கேள்வியையும் விடமாட்டார்.

புதிதாக வந்தவற்றில் எது உதவும்?

மாதம் ஒரு புது வசதி வருகிறது. எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு உதவியதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் நட்சத்திரம் ஒன்று தெரியும். அதைத் தொட்டால் அந்தச் செய்தி தனியாகச் சேர்ந்துகொள்ளும், பிறகு ஒரே இடத்தில் பார்க்கலாம். இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். குழுவில் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றால் ‘பின்’ செய்து மேலே நிறுத்தலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று வைக்கலாம், மூன்று செய்தி வரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் குழுவில் அந்த வெள்ளப் பதில் மேலே நிற்கும். 30 நாள் முடிந்ததும் இறங்கிவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். இதற்கென்று ஒருவர் பொறுப்பு எடுத்திருக்கிறார்.

வாக்கெடுப்பு வசதியை அரசியலுக்கும் கிரிக்கெட்டுக்கும்தான் பயன்படுத்துகிறார்கள். விவசாயத்துக்கு அது நல்ல கருவி. போன சம்பாவில் ‘உங்கள் வயலில் புகையான் தெரிகிறதா?’ என்று கேட்டு, கீழே ஊர்ப் பெயர்களைக் கொடுத்தோம். சாயந்திரத்துக்குள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஓரளவு தெரிந்துவிட்டது. வராத ஊர்க்காரர்கள் வயலில் இறங்கித் தூரைப் பிரித்துப் பார்த்தார்கள், தண்ணீரை வடித்தார்கள். நாற்பது பேர் தனித்தனியாக ‘எங்க ஊர்லயும் இருக்கு’ என்று எழுதியிருந்தால் யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

‘சேனல்’ என்பது அறிவிப்புப் பலகை. ஒருவர் சொல்வார், மற்றவர் பார்க்கலாம், திரும்பப் பேச முடியாது. மழை அறிவிப்புக்குச் சரி, பயிர்ப் பேச்சுக்கு ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பொதுவாகப் பழைய பேச்சு தெரியாது. டெலிகிராமில் குழு நடத்துபவர் விரும்பினால், புதிதாக வருபவருக்கும் முதல் நாள் பேச்சிலிருந்து திறந்துவைக்கலாம். பழைய பேச்சைக் காப்பதுதான் நோக்கம் என்றால் அது வசதி. ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்களை இன்னொரு செயலிக்கு மாற்றுவது நடக்கிற காரியமாக இல்லை. அதனால் நாங்கள் வேறு வழி பிடித்தோம். ஒவ்வொரு பட்டம் முடிந்ததும் குழுவின் பேச்சை ‘எக்ஸ்போர்ட்’ செய்து, படங்கள் இல்லாமல் எழுத்தை மட்டும் ஒரு கோப்பாக வைத்துக்கொள்கிறோம். புதிதாகச் சேர்பவருக்கு அதை அனுப்பிவிடுகிறோம். தேடுவதற்கும் எளிது.

இப்போது போனிலேயே கேள்வி கேட்டால் இயந்திரமே தமிழில் பதில் சொல்கிறது. நானும் கேட்டுப் பார்க்கிறேன். பொதுவான விஷயத்தை நன்றாகத்தான் சொல்கிறது. தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்கிறது என்பதுதான் பயம். ஜிப்சம் போடலாமா என்று கேட்டால், நீங்கள் சொல்லாதவரை உங்கள் மண்ணின் மின்கடத்தும் திறன் அதற்குத் தெரியாது. மருந்தின் அளவை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒத்துப்பார்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன் வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சடையங்குப்பம் பக்கம் கீரையும் கொடிக்காயும் போடும் அம்மா ஒருவர், குழுவில் நல்ல பதில் வந்தால் பள்ளிக்கூட நோட்டில் ஒரு வரி எழுதுகிறார். தேதி, பயிர், பிரச்சினை, சொன்னவர் பெயர். பதிலை எழுதுவதில்லை. “அது போன்லதான் இருக்கே சார், எந்தத் தேதின்னு தெரிஞ்சா போதும், எம் பேரன் எடுத்துக் குடுப்பான்” என்கிறார். நாட்காட்டித் தேடலுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. அந்த நோட்டில் கடைசிப் பத்தி ஒன்று இருக்கிறது. அதில் சில வரிகளுக்கு நேரே ‘கேட்டுச்சு’ என்றும் சில வரிகளுக்கு நேரே ‘கேக்கல’ என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் குழு முழுவதிலும் இல்லாத தகவல் அது. அனுமதி கேட்டுப் படம் எடுத்து, ஒவ்வொன்றையும் எழுத்தாகத் தட்டிக் குழுவில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பாதிதான் முடிந்திருக்கிறது.

உப்பு வயல் பெரியவர் இந்த முறை மழைக்கு முன்பே வரப்பை உயர்த்திவிட்டார். மூன்று முறை தண்ணீரைத் தேக்கி வடித்தார். தக்கைப்பூண்டு மடக்கி உழுதார். ரகத்துக்காகத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டு வந்தார். நடவுக்கு முன் எடுத்த மண் பரிசோதனை முடிவையும், திட்டு விழுந்த பழைய படத்தையும், இப்போதைய படத்தையும் சேர்த்துக் குழுவில் போட்டிருக்கிறார். கீழே பேத்தியைத் தட்டச் சொல்லி ஒரு வரி: ‘உவர் மண், மீஞ்சூர், சம்பா, ஜிப்சம் போடவில்லை.’ அறுவடை தையில். விளைந்ததா என்பதை அவர்தான் எழுத வேண்டும். எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.